பிரீமியம் லேப்டாப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டி கம்பெனியுடையது, உள்ளே ரேமும் எஸ்எஸ்டியும் விற்றவருடையது

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்று, அதில் கடை விரித்திருக்கும் ஒரு விற்பனையாளர். இரண்டு பேருடைய பெயரும் இங்கே வேண்டாம். போனது ஒன்றே முக்கால் லட்சம். லேப்டாப் வந்தது, ஓடுகிறது, பார்த்தால் புதுசுதான். அதனால்தான் இந்த ஏமாற்று வேலையை நிரூபிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

விளம்பரத்தில் இருந்தது இது: 14 அங்குலம், இன்டெல் கோர் அல்ட்ரா 7 155எச், 32 ஜிபி டிடிஆர்5 ரேம் (ஓடும் வேலைக்கான மெமரி), 1 டிபி பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்; பிசிஐஇ எண் அதன் இணைப்பு எந்தத் தலைமுறை என்பது), 2880×1800 ஓலெட் திரை 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 தடவை படம் புதுப்பிக்கும்), இரண்டு தண்டர்போல்ட் 4 (வேகமான டைப்-சி போர்ட்), 75 வாட்-ஹவர் பேட்டரி, விண்டோஸ் ப்ரோ. பணம் கட்டுவதற்கு முன் சாட்டில் நேராகவே கேட்டாயிற்று: ரேம் ஆலையில் போட்டதா, நீங்கள் போட்டதா? பதில் உடனே வந்தது. "ஃபேக்டரி கான்ஃபிகரேஷன் சார், சீல் பீஸ். வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க, ஏதாவது மாறி இருந்தா ஃபுல் ரீஃபண்ட்." கையோடு பெட்டியின் சீரியல் நம்பரைப் படம் பிடித்தும் அனுப்பினார். தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பார்த்தால் அசல் நம்பர், வாரண்டி இன்னும் தொடங்கவே இல்லை. இதற்கு மேல் என்ன கேட்பது?

கேட்க வேண்டியது இருக்கிறது. சீரியல் நம்பர் மெஷினுக்கு உரியது. மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதை மாற்றினாலும் அந்த நம்பர் மாறாது. டெல், லெனோவோ மாதிரி சில பிராண்டுகளின் தளத்தில் சர்வீஸ் டேக்கையோ சீரியலையோ கொடுத்தால், மெஷின் ஆலையிலிருந்து எந்தெந்தப் பாகங்களோடு கிளம்பியது என்று பட்டியலே வரும். நான் வாங்கிய பிராண்டில் வாரண்டி தேதி மட்டும்தான் வருகிறது. விற்றவருக்கு அது நன்றாகவே தெரியும்.

முதலில் இடித்தது கிராஃபிக்ஸ். 155எச் பிராசசருக்குள்ளேயே 8 எக்ஸ்இ கோர் (கிராஃபிக்ஸ் வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட, இன்டெலின் ஆர்க் கிராஃபிக்ஸ் உண்டு. ஆனால் டிவைஸ் மேனேஜரில் 'ஆர்க்' என்ற பெயரையே காணோம், வெறும் 'இன்டெல் கிராஃபிக்ஸ்'. இது டிரைவர் கோளாறு இல்லை. குறைந்தது 16 ஜிபி ரேம், அதுவும் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் பிராசசரோடு பேசும்படி இருந்தால்தான் ஆர்க் என்று இன்டெலே நிபந்தனை வைத்திருக்கிறது. 32 ஜிபி இருந்தும் அந்தப் பெயர் வரவில்லை என்றால் ரேம் ஒரே குச்சியாக (ஒரே துண்டுப் பலகையாக) இருக்கிறது என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் 2-ல் 1.

நடந்தது இதுதான். ஆலையிலிருந்து 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டியோடு வந்த அடிமட்ட மாடல். பெட்டியைப் பிரித்து, இரண்டு 8 ஜிபி குச்சிகளையும் எடுத்துவிட்டு ஒரே 32 ஜிபி குச்சியைச் செருகியிருக்கிறார்கள். ஒரு குச்சி போட்டால் அவர்களுக்கு மலிவு, கழற்றிய இரண்டையும் தனியாக விற்கலாம். வாங்கினவன் பாடு? டிடிஆர்5-5600 இரண்டு சேனலில் ஓடினால் நொடிக்கு 89.6 ஜிபி வரை போகும். ஒரு சேனலில் 44.8. பிராசசரோடு சேர்ந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, இந்த ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடியோ எடிட்டிங், கேம் எல்லாம் திணறுவது அதனால்தான். ஆஃபீஸ் வேலை, பிரவுசர் என்று ஓட்டுகிறவருக்கு ஆயுசுக்கும் தெரியாது. அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

எஸ்எஸ்டி இன்னும் மோசம். டிரைவைச் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் 'டிரான்ஸ்ஃபர் மோட்' வரியில் இடப்பக்கம் இப்போது ஓடுவது, வலப்பக்கம் அந்த டிரைவால் முடிந்தது. இரண்டு பக்கமும் பிசிஐஇ 3.0 எக்ஸ்4. 4.0 நல்ல டிரைவ் நொடிக்கு 7,000 எம்பி வாக்கில் படிக்கும், 3.0-வில் 3,500 வாக்கில் நின்றுவிடும். சரி, வேகம் பாதி என்று விட்டுவிடலாம். 'பவர் ஆன் ஹவர்ஸ்' 1,184. எழுதப்பட்ட டேட்டா 9 டிபிக்கு மேல். ஹெல்த் 97 சதவீதம். சீல் உடைக்காத பெட்டிக்குள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேறு யாரிடமோ ஓடிய டிரைவ்!

மேலே சொன்ன 3,500 கூட காலி டிரைவில், சின்ன டெஸ்ட் ஃபைலில் காட்டும் கணக்குதான். இது டிராம் (டிரைவுக்கென்று தனி மெமரி) இல்லாத கியூஎல்சி ரகம், அதாவது ஒரு செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கும் மலிவு ரகம். எழுதும்போது முதலில் எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான பகுதியில் வாங்கிக்கொள்ளும், அது நிரம்பினதும் வேகம் தரையைத் தொடும். 200 ஜிபியை ஒரே மூச்சில் காப்பி போட்டால் பாதி வழியில் நொடிக்கு 100 எம்பிக்குப் பக்கத்தில் வந்து தொங்குகிறது, பழைய ஹார்ட் டிஸ்க் தேவலை. சூடும் 80 டிகிரி வரை ஏறுகிறது. காரணம் சர்வீஸ் சென்டரில் திறந்தபோது தெரிந்தது. டிரைவுக்கும் மூடிக்கும் நடுவே சூட்டைக் கடத்த இருக்க வேண்டிய தெர்மல் பேட் இல்லை. பின்பக்க ரப்பர் பட்டையின் பசையில் தூசி ஒட்டியிருக்கிறது, அதற்கு அடியில் இரண்டு திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறது. தரமில்லாத திருப்புளியைப் போட்டு அமுக்கித் திருகின தடம்.

விண்டோஸைப் பார்ப்போம். ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் லைசென்ஸ் எந்த வகை என்று சொல்லும். ஆலையில் போட்டதென்றால் 'ஓஇஎம்_டிஎம்' என்று வர வேண்டும். இதில் வந்தது 'வால்யூம்_எம்ஏகே'. ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த கீ. எப்போது செல்லாது என்று அறிவிப்பார்கள் என்பது அவர்கள் கையில். விண்டோஸை மறுபடி நிறுவ ஆலை போட்டுத் தந்த ரெகவரி பார்ட்டிஷனும் பழைய டிரைவோடு போய்விட்டது.

திரை 1920×1200, 60 ஹெர்ட்ஸ். ஓலெட் என்பது மட்டும் உண்மை. 52 லட்சம் பிக்சல் சொல்லிவிட்டு 23 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். டைப்-சி இரண்டில் ஒன்றுதான் தண்டர்போல்ட், மற்றது 5 ஜிபிபிஎஸ் டேட்டா மட்டும், மானிட்டர் செருகினால் படம் வராது. நியாயமாகச் சொன்னால் பேட்டரியில் குறை இல்லை. கீபோர்டு அருமை, கீல் உறுதி, டச்பேடும் நன்றாக இருக்கிறது. ஆலையில் வேலை செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். நடுவில் வந்த கைதான் இதைக் கெடுத்தது.

இதற்குப் பிறகு தட்டிக்கழித்த அழகைக் கேளுங்கள். விற்றவர்: "மாடல் பேர் ஒண்ணுதான சார், பேனல் பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்." 120 ஹெர்ட்ஸ் எங்கே என்றால், "கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது சார்." அடுத்த தடவை போன் செய்தபோது குரலில் 'சார்' போய்விட்டது. அதற்கடுத்து போனே எடுக்கவில்லை. இதற்கிடையே விளம்பரப் பக்கத்தில் '120 ஹெர்ட்ஸ்' என்ற சொல் மறைந்து 'ஓலெட்' மட்டும் மிச்சம் இருந்தது.

தளத்தின் கஸ்டமர் கேர் ஒரு டெக்னீஷியனை அனுப்பியது. அவர் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தார், மெமரி பக்கத்தில் சேனல் '2 x 32-பிட்' என்று இருப்பதைக் காட்டி, "பாருங்க, ரெண்டு சேனல், எல்லாம் கரெக்ட்டா இருக்கு" என்றார். டிடிஆர்5-ல் ஒவ்வொரு குச்சியும் உள்ளுக்குள்ளேயே இரண்டு 32-பிட் சப்-சேனலாகப் பிரிந்திருக்கும். ஒரே குச்சி போட்டாலும் 2 x 32 என்றுதான் காட்டும், இரண்டு குச்சி போட்டால்தான் 4 x 32. இதை எடுத்துச் சொன்னால் அவருடைய ஆப்பில் அதற்குக் கட்டம் இல்லையாம். 32 ஜிபி காட்டுகிறது, டிக். 1 டிபி காட்டுகிறது, டிக். 'குறைபாடு எதுவும் இல்லை', புகார் மூடப்பட்டது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கு இரண்டு டிக்.

மறுபடி திறக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் புது ஆள், புது மன்னிப்பு, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்". ஒருவர் படம் தெளிவாக இல்லை என்றார். ஒருவர் பிராண்டிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். பிராண்டின் சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்கிறார்கள், ரேமும் எஸ்எஸ்டியும் ஆலைப் பாகம் இல்லை, அவற்றுக்கு எங்கள் வாரண்டி கிடையாது என்று. எழுதிக் கேட்டால், "விற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள்." விற்றவரின் இன்வாய்ஸைப் பார்த்தால் 'லேப்டாப் 14 அங்குலம் 32/1டிபி', அவ்வளவுதான். பிராசசர் இல்லை, திரை இல்லை, எந்தெந்தப் பாகங்களோடு வந்த மாடல் என்று காட்டும் பார்ட் நம்பர் இல்லை. அதை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாத மாதிரி கணக்காக எழுதியிருக்கிறார்கள். ஒன்றே முக்கால் லட்சம் அந்த ஒரு வரிக்குள் புதைந்து கிடக்கிறது.

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு.

மாடல் பெயரை நம்பாதீர்கள். தயாரிப்பாளரின் முழு பார்ட் நம்பரை வாங்கி, அவர்கள் தளத்தில் அந்த நம்பருக்கு 32 ஜிபி கான்ஃபிகரேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விற்றவர் கை வைத்த மெஷின், முடிந்தது. பிராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் விடாதீர்கள். 155எச் 16 கோர், 155யு 12 கோர், அதிலும் வேகமான கோர்கள் 155எச்சில் 6, 155யுவில் 2. விளம்பரத்தில் 'அல்ட்ரா 7' என்று மட்டும் போட்டிருந்தால் எச்சா யுவா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கட்டும் நிமிஷத்திலேயே விளம்பரப் பக்கத்தை முழுசாக பிடிஎஃப் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். இன்வாய்ஸில் பார்ட் நம்பர் இல்லாமல் வாங்காதீர்கள்.

மெஷின் வந்த அன்றே ஸ்லாட், டிரைவின் மணி நேரம், லைசென்ஸ் வகை, திரையின் ஹெர்ட்ஸ், இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள், கால் மணி நேரம் போதும். உங்கள் டேட்டாவை ஏற்றுவது அதற்குப் பிறகு. பெட்டி பிரிக்கும் வீடியோவை லேப்டாப்பை வெளியே எடுத்ததோடு நிறுத்தாமல் இந்தத் திரைகள் வரும் வரை ஒரே ஷாட்டில் எடுங்கள், அடிப்பக்க சீரியலும் அதில் விழ வேண்டும்.

கார்டில் கட்டியிருந்தால் தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே வங்கியில் டிஸ்ப்யூட்டும் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போட்டுவிடுங்கள், அதற்குக் கெடு உண்டு.

புகார் முடியும் வரை மூடியைத் திறந்து நீங்களாக இன்னொரு ரேம் குச்சியைப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் மாற்றியது நீங்கள்தான் என்று சொல்வதற்கு அது ஒன்று போதும் அவர்களுக்கு.