திறந்த ஜீப்புக்கு எந்த வாஷர்? பானெட் ஜெட், விசிறி நாசில், வைப்பர் கை நாசில்

மூடிய கார் ஓட்டுகிறவர்களுக்கு முன் கண்ணாடி வாஷர் ஒரு பொருட்டே இல்லை. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் அடிக்கும், வைப்பர் துடைக்கும், அவ்வளவுதான். கதவில்லாமல், பக்கத்துப் படுதாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடுகிற ஜீப்பில் நிலைமை வேறு. கண்ணாடியில் பாதித் தண்ணீர் படும், மீதி ஓட்டுகிறவர் முழங்கையிலும் பக்கத்தில் இருப்பவர் மடியிலும் விழும். தலைக்கு மேலே பறந்து போவது பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தில் அடிக்கும். டேங்கில் ஷாம்பு பாக்கெட்டை வெட்டிப் போட்டிருந்தால் அந்தச் சோப்புத் தண்ணீர் அவர் கண்ணுக்குள் போகும். தக்கலை, மார்த்தாண்டம் மாதிரி பைக்கும் ஆட்டோவும் ஒட்டிக்கொண்டே வரும் சாலைகளில் இது சின்ன விஷயம் இல்லை.

என் ஜீப்பில் பழைய வாஷர் மோட்டார் எரிந்துபோனது. எப்படியும் மாற்ற வேண்டும், அதை ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று சந்தையில் கிடைக்கிற மூன்று விதத்தையும் மாட்டிப் பார்த்தேன். கடைசியில் வண்டியில் தங்கியது வைப்பர் கையோடு சேர்த்துப் பொருத்தும் நாசில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுக்கும் பொதுவான சாமான்கள் ஒன்றேதான்: ஒரு பிளாஸ்டிக் டேங்க், 12 வோல்ட் மோட்டார் பம்ப், டியூப், நாசில். எதைத் தேர்ந்தெடுத்தாலும் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும், விலையை வைத்து முடிவெடுக்க இதில் ஒன்றும் இல்லை.

பானெட் ஜெட்டைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். குண்டு மாதிரி ஒரு கண், அதில் ஒன்றிரண்டு துளை. குண்டூசியை விட்டுத் திருப்பினால் தாரை போகும் திசை மாறும். அடைத்தாலும் அதே ஊசிதான் மருந்து. எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். விசிறி நாசில் புது கார்களில் வருவது. உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது. சின்ன அறை ஒன்றுக்குள் தண்ணீர் தானே இடமும் வலமுமாக அலைந்து, விசிறி விரித்ததுபோல் தூவிக்கொண்டு வெளியே வரும். ஒரே அடியில் கண்ணாடியின் அகலம் முழுக்க நனையும், பார்க்கவே நன்றாக இருக்கும். மூன்றாவதில் நாசில் பானெட்டில் இல்லை, வைப்பர் கையிலேயே உட்கார்ந்திருக்கும். பஸ், லாரிகளில் இது உண்டு. துளைக்கும் கண்ணாடிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிதான்.

அந்த இடைவெளிதான் என் முடிவுக்குக் காரணம். வாஷர் தண்ணீர் சிதறுவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள்: பிரஷர் அதிகம், துளை பெரிது, குறி தப்பு என்று. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர் காற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்ற ஒன்றுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். பம்ப் தருவது 1 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், துளையை விட்டு வெளியே வரும் தண்ணீரின் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 14 மீட்டர். ஜீப் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிரே வரும் காற்றின் வேகமும் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அதாவது சாதாரண வேகத்திலேயே காற்றும் தண்ணீரும் சரிக்குச் சரியாக மோதுகின்றன. காரின் சாய்ந்த கண்ணாடியில் காற்று தண்ணீரைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கும், அதனால் தாரை கொஞ்சம் கீழே போய் விழும், அவ்வளவுதான். ஜீப்பின் கண்ணாடியோ ஏறக்குறைய நேராக நிற்பது. எதிர்க்காற்று அதில் முட்டி, மேலேயும் இரண்டு பக்கமும் வழிந்து ஓடும். நடுவில் பறந்துகொண்டிருக்கும் தண்ணீரையும் அதே வழியில் இழுத்துப் போகும். பக்கத்தில் கதவு இல்லையே, நேராக உள்ளேதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலைக்கு இடையே புகுந்து வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு நோக்கிப் போகும்போது அந்தக் காற்று முதுகுப் பக்கம் இருக்கும், வாஷர் எது மாட்டியிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. திரும்பி வரும்போது நம் வேகமும் காற்றின் வேகமும் கூடி எதிரே நிற்கும். வாஷரைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்தத் திரும்பும் வழியில் சோதிக்க வேண்டும்.

சோதித்ததும் அங்கேதான். தக்கலைப் பக்கம் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த ஆசான் ஒருவர் இருக்கிறார், யோசனை அவருடையது. டேங்கில் சொட்டு நீலம் கலந்தோம். சீட், தரை, என் முழங்கை படும் இடம் எல்லாவற்றிலும் பழைய செய்தித்தாளை விரித்து டேப் ஒட்டினோம். ஒவ்வொரு நாசிலுக்கும் புதுத் தாள். காவல்கிணறு வரை போய்த் திரும்பி, ஓரமாக நிறுத்தித் தாளைப் பிரித்துப் பார்த்தால் நீலப் புள்ளிகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. பானெட் ஜெட்டில் பெரிய புள்ளிகள், எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் இரண்டு பக்க ஓரத்திலும் பின் சீட்டிலும். விசிறி நாசிலில் முன் சீட்டுத் தாள் முழுக்கப் பொடிப்பொடியாக நீலம், தாளையே வேறு நிறத்தில் அச்சடித்ததுபோல். வைப்பர் கை நாசிலில் கண்ணாடிச் சட்டத்தின் ஓட்டுநர் பக்கத் தூணை ஒட்டி மட்டும் ஒரு வரிசைப் புள்ளி, வேறெங்கும் இல்லை. ஆசான் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மக்கா, தண்ணி பறக்க எடம் குடுத்தாத்தானே பறக்கும்?” என்றார்.

விசிறி நாசில் இவ்வளவு மோசமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காரில் அவ்வளவு நன்றாக வேலை செய்வது அது. காரணம் துளியின் அளவு. 1 மில்லிமீட்டர் துளியை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் ஒவ்வொன்றின் எடையும் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். காற்று படும் பரப்போ நூறில் ஒரு பங்காகத்தான் குறையும். எடைக்கு எடை பார்த்தால் காற்றின் பிடி பத்து மடங்கு கூடுகிறது. தூவலாக வந்தால் கண்ணாடி சீராக நனையும் என்பது உண்மை, ஆனால் அந்தத் தூவல் கண்ணாடி வரை போய்ச் சேர வேண்டும். கதவும் கூரையும் மூடிய வண்டியில் சேராத தண்ணீர் வெளியே வீணாகப் போகும், யாருக்கும் தெரியாது. திறந்த ஜீப்பில் அதற்கு ஒதுங்க வேறு இடம் இல்லை.

வைப்பர் கை நாசிலில் தண்ணீர் வெளியே வந்ததும் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறது, அடுத்த நொடியே பின்னால் பிளேடு வந்து அள்ளிவிடுகிறது. காற்றுக்கு வேலையே இல்லை. இந்த யோசனையைப் பெரிய நிறுவனங்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கின்றன என்று தேடிப் படித்தபோது எனக்குத் தெம்பு வந்தது. மெர்சிடிஸ் 2012-ல் எஸ்எல் காரில் கொண்டுவந்த அமைப்பில் பிளேடின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் துளைகள் உண்டு. பிளேடு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்துத் துளைகளில் மட்டும் தண்ணீர் வரும். எஸ்எல் கூரையைத் திறந்து ஓட்டும் கார். கூரை திறந்திருக்கும்போதும் உள்ளே இருப்பவர் நனையாமல் கண்ணாடியைக் கழுவலாம் என்பதையே அதன் சிறப்பாகச் சொன்னார்கள். 2014-ல் வந்த சிட்ரோயன் சி4 காக்டஸில் நாசில் வைப்பர் நுனியில் இருந்தது, தண்ணீர்ச் செலவு பாதியாகும் என்றார்கள். நம்முடைய பிரச்சினையும் அதே பிரச்சினைதான், கம்ப்யூட்டர் மட்டும் நம்மிடம் இல்லை.

கம்ப்யூட்டர் செய்வதைக் கையால் ஓரளவு செய்யலாம். நாசிலை வைப்பர் கையின் மேல் ஓரத்தில் பொருத்த வேண்டும், அப்போதுதான் பிளேடு எழும்போது தண்ணீர் அதற்கு முன்னால் விழும். என் ஜீப்பில் வாஷருக்குத் தனிப் பொத்தான். அதனால் பிளேடு கீழே இருந்து கிளம்பும் நேரம் பார்த்து ஒரு அழுத்து அழுத்தி விட்டுவிடுகிறேன். பிளேடு இறங்கும்போது அழுத்தினால் தண்ணீர் பிளேடுக்குப் பின்னால் விழுந்து கோடு போட்டு நிற்கும்.

அடுத்தது சொட்டுதல். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் சிதறலுக்குச் சமமான தொல்லை இது. பம்ப் நின்ற பிறகும் டியூப் நிறையத் தண்ணீர் இருக்கும். அழுத்தத்தில் உப்பியிருந்த டியூப் சுருங்கும்போது மிச்சத்தை வெளியே தள்ளும். அதைவிட மோசம், டேங்கின் தண்ணீர் மட்டம் நாசிலைவிட உயரத்தில் இருப்பது. வாஷர் பம்ப் நின்றுவிட்டால் தண்ணீரைத் தடுக்காது, அதன் வழியாகத் தண்ணீர் தானே ஓடிக்கொண்டிருக்கும். சமதளத்தில் சரியாக இருக்கும் டேங்க் பாலமோர் ஏற்றத்தில் உயர்ந்துவிடலாம், அதனால் டேங்கை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மருந்து ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது பம்ப் தள்ளும்போது மட்டும் திறந்து தண்ணீரை ஒரே திசையில் விடுகிற வால்வு. அதை டேங்கின் பக்கத்தில் போடாமல், நாசிலுக்கு எவ்வளவு நெருக்கமாகப் போட முடியுமோ அங்கே போட வேண்டும். வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டியூப் குட்டையாக இருந்தால் சொட்டுவதற்கு மிச்சமும் குறைவு. டியூப் காலியாகாமல் நிற்பதால், அழுத்தியவுடன் தண்ணீர் வரும். இல்லாவிட்டால் முதலில் காற்று வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பும், அந்தத் துப்பலும் சிதறல்தான். மூன்றில் எந்த அமைப்பை வைத்திருப்பவரும் இந்த ஒரு வால்வைப் போட்டுக்கொள்ளலாம்.

வைப்பர் கை நாசிலின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது டியூப். கை அசையும்போதெல்லாம் அச்சருகில் டியூப் மடங்கி நிமிரும், நாள் முழுக்க வெயிலிலும் கிடக்கும். மீன் தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி டியூப் அங்கே உதவாது, வெயிலில் விறைத்து வெடித்துவிடும். வெயில் தாங்கும் கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப் கேட்டு வாங்குங்கள். அச்சருகே ஒரு வளையம் விட்டுத் தளர்வாகக் கட்டினால் மடிப்பு விழாது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அந்த வளையத்தை விரலால் நசுக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, தண்ணீரின் அளவு குறைவு. முட்டம், மணக்குடி பக்கம் போய்வந்தால் கண்ணாடியில் படியும் உப்புப் படலம் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், அதற்கு இது தாராளம். கல் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்த நாளில் போதாது. கல்பொடி உட்கார்ந்த கண்ணாடியில் கொஞ்சமாக நனைத்து வைப்பர் போட்டால் கீறல்தான் மிச்சம். அங்கே பானெட் ஜெட் வாரி இறைப்பது உண்மையிலேயே மேல். நான் அப்படிப்பட்ட நாளில் வண்டியை ஓரங்கட்டி, பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வைப்பரைத் தொடுகிறேன். தினமும் குவாரிப் பாதையில் ஓடுகிறவருக்கு இந்த வழி சரிப்படாது, அவர் ஜெட்டையே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது அடைப்பு. துளை வெயிலில் இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றி உப்பு படியும். கடற்கரை ஓரத்துக் கிணற்று நீரைத் தொடவே தொடாதீர்கள். ஏசியில் வடியும் தண்ணீர், பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீர் இரண்டும் நல்லது. மழைக்கு நமக்கு இரண்டு பருவம் இருக்கிறது. ஷாம்பு வேண்டாம். நுரை தண்ணீரைவிட லேசு, பிளேடு நுனியில் இருந்து பிய்ந்து உள்ளே பறக்கும். கண்ணாடிக்கென்று விற்கிற, நுரைக்காத திரவம் கொஞ்சம் கலந்தால் போதும்.

வைப்பர் மோட்டார் கண்ணாடிக்கு மேலே இருக்கும் பழைய மாடல் ஜீப்புகளில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. டியூபைத் தூண் வழியாக மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும், பிளேடும் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் வால்வு இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. கூரையும் கதவும் உள்ள கார் வைத்திருப்பவர் இதற்காக மெனக்கெட வேண்டாம். விசிறி நாசில், ஒரு வால்வு, அழுத்தும் முன் ஜன்னலை ஏற்றிவிடுவது, இவை போதும்.

தாளில் ஓட்டுநர் பக்கத் தூணோரம் விழுந்த அந்த ஒரு வரிசைப் புள்ளிக்கு வருகிறேன். பிளேடு மேலே போய்த் திரும்பும் இடம் அது. நுனியில் சேர்ந்த தண்ணீரை அங்கே உதறிவிட்டுத்தான் திரும்புகிறது. ஆசான் நாசிலின் துளைகளில் நுனிப்பக்கம் இருந்த ஒன்றை அரால்டைட் வைத்து அடைத்தார். இன்னொரு தாள் விரித்து அதே வழியில் திரும்பி வந்தோம். தூணோரம் புள்ளிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன, கண்ணாடியின் அந்த மூலையில் ஒரு கை அகலம் மட்டும் கொஞ்சம் மங்கலாக நின்றது. சாலையைப் பார்க்கும் இடத்தில் அது வரவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.