12 வெள்ளி 90 காசு தாதி வாட்ச்: எட்டு மாதம் குத்திப் பார்த்த பிறகு

இணையத்தில் தாதி வாட்ச் என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். தாதிகள் சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்வது, சிலிக்கோன் உறை, பின்னால் ஊக்கு, கீழே தொங்கும் வட்ட முகம், அதுதான். கம்பெனிப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. மார்ச்சில் ஆறு வாங்கினேன். ஒன்று எனக்கு, மீதி ஐந்தும் அந்த மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு. மலேசியாவில், பினாங்கில் ஒரு மருத்துவமனை, மெடிக்கல் வார்டு, அதற்கு மேல் விவரம் வேண்டாம். புதுத் தாதிகளைப் பழக்கும் வேலை சில வருஷமாக என் தலையில்தான் விழுகிறது, அதனால் இதில் வாட்சைவிட அவர்கள் கதை அதிகம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் கட்டும் வாட்சுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி, மணிக்கட்டு வரை தேய்க்க வேண்டும், வார் கட்டியிருந்தால் அதன் அடியில் எதுவும் போகாது. நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களையும் ஒழுங்காகப் பார்த்தால் ஒரு ஷிப்டில் எத்தனை தடவை கழுவுவோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசி அதைவிட மோசம். கையுறையோடு பாக்கெட்டிலிருந்து எடுப்பது, அப்புறம் அதையே கேன்டீனில் ரொட்டி சானாய் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது.

சரி, வாட்சுக்கு வருகிறேன். முகம் தலைகீழாக இருக்கும், 12 அடியில், அதனால் குனிந்து பார்க்கிற நமக்கு நேராகத் தெரியும். எண்கள் பெரிது. விநாடி முள் சிவப்பு. வாங்கியதற்கு இந்த முள் ஒன்றே போதும், ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களில் ஒருத்தி கெட்டிக்காரி, சுறுசுறுப்பு, முகம் சுளிக்க மாட்டாள். இரண்டாவது வாரம் அவள் எழுதிய நோயாளி அட்டைகளைப் புரட்டுகிறேன், கட்டில் 3-லிருந்து 8 வரை எல்லோருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20. ஆறு பேரும் பேசி வைத்துக்கொண்டு மூச்சு விட்ட மாதிரி. “எண்ணினியாம்மா, இல்ல பார்த்தியா?” என்றேன். பேச்சே இல்லை. திட்டவில்லை, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் 20 எழுதினவள்தான். ரத்த அழுத்தம் மெஷின் சொல்லும், ஆக்சிஜன் விரலில் மாட்டினால் வரும், காய்ச்சலும் அப்படித்தான். எங்கள் வார்டில் மூச்சுக்கு மட்டும் மெஷின் கிடையாது, நின்று எண்ண வேண்டும், முழுசாக ஒரு நிமிடம். காலை ஏழு மணிக்கு பாஸ் ஓவர், அதாவது ஷிப்ட் கைமாற்றும் பேச்சு, முடிந்து மருந்து, டிரிப், டாக்டர் ரவுண்டு எல்லாம் ஒன்றாகக் குவியும்போது அந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் திருடுவார்கள்.

கட்டில் 6-க்குக் கூட்டிப் போனேன். நிமோனியாவில் சேர்ந்த பெரியவர், வந்தவர் போனவரிடம் எல்லாம் சிரித்துப் பேசுபவர். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மனுஷனுக்கு மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சில் வை என்றேன். அவள் குனிந்து சிவப்பு முள்ளைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், மறுபடி முள்ளை. முழுச் சுற்று வந்ததும் அவள் முகம் மாறியது. 28. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 12 முதல் 20. நோயாளி மோசமாவதைப் புள்ளி போட்டுப் பிடிக்கும் நியூஸ் 2 கணக்கில் 25-ஐத் தொட்டாலே அதற்கு மட்டும் 3 புள்ளி, டாக்டரை உடனே கூப்பிட வேண்டிய கணக்கு. எம்.ஓ., அதாவது வார்டு டாக்டர், வந்தார், எக்ஸ்ரே, ரத்தம், ஆக்சிஜன் என்று வேலை நடந்தது. மற்றதெல்லாம் மெஷினில் அழகாகத்தான் இருந்தது, பெரியவர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு அவள் அட்டையில் 17, 22, 19 என்று வரத் தொடங்கியது. பார்க்கவே நிம்மதி.

டிரிப்புக்கும் இதே முள்தான். சொட்டைத் தானே அளந்து ஏற்றும் பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் கிடைப்பதில்லை. 500 மில்லி சலைனை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் நிமிடத்துக்கு 42 வரும், அதாவது 15 விநாடிக்குப் பத்து அல்லது பதினொன்று. வாட்சைச் சொட்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், சுவர்க் கடிகாரத்தில் அது முடியாது.

இப்போது குறைகள். ஆறில் ஒன்று செத்த பேட்டரியோடு வந்தது. விற்றவரிடம் மல்லுக்கட்ட நேரமில்லாமல் சௌராஸ்தா சந்தைப் பக்கம் அஞ்சடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன், பேட்டரி மாற்ற 10 வெள்ளி. கிட்டத்தட்ட வாட்ச் விலை. ஊக்கு மட்டமானது, மூன்றாவது மாதம் என்னுடையது வாய் பிளந்துவிட்டது, பெட்பேன் கழுவும் அறையில் எங்கே விழுந்தது என்று கேட்காதீர்கள். வேறு ஊக்கு போட்டு ஓட்டுகிறேன். இரவு ஷிப்டில் இது சுத்தமாக உதவாது, முள்ளில் பூசிய பச்சை ஒளி பத்து மணிக்கே மங்கிவிடும், மூன்று மணிக்கு நோயாளிகள் தூங்கும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் எண்ண வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு ஓரிரு நிமிடம் பின்தங்கவும் செய்கிறது. திங்கள்கிழமை பாஸ் ஓவரின்போது ஆறு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பிக்கொள்கிறோம், ஒரு கோட் புளூ, அதாவது ஒருவருக்கு இதயமோ மூச்சோ நின்று அவசர அழைப்பு, நடந்தால் ஆளுக்கொரு நேரம் எழுதி வைக்கக் கூடாதே.

சங்கிலி போட்ட உலோக வாட்ச் ஒன்றும் 38 வெள்ளிக்கு வாங்கிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் சங்கிலிக் கண்ணியில் அழுக்குச் சேர்கிறது, ஆல்கஹால் துணியால் துடைத்தாலும் இடுக்கில் நிற்கிறது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அவர் கன்னத்தில் வேறு இடிக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். சிலிக்கோனில் முகத்தைப் பிதுக்கி வெளியே எடுத்து உறையைத் தனியாகக் கழுவ முடிகிறது, எனக்கு அது போதும்.

அடுத்த பேட்ச் பிள்ளைகள் வரப்போகிறார்கள், மறுபடி இதையேதான் வாங்குவேன், இந்தத் தடவை ஊக்கு மட்டும் நல்லதாகத் தனியே வாங்கி மாட்டிக் கொடுப்பேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் படத்தில் விநாடி முள் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், அதே உறையில் முள் இல்லாததையும் விற்கிறார்கள். அப்புறம் வெள்ளை நிறம் வேண்டாம், புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்து போவிடோன் பட்டால் கறை போகவே போகாது.