திருச்சியில் ஒரு முன் கண்ணாடித் தெறிப்பு

பெரம்பலூர் வட்டாரத்தில் கல் குவாரிகள் அதிகம். ஜல்லி ஏற்றும் வண்டிகள் தார்ப்பாய் போட்டு மூடிச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் திருச்சி நெடுஞ்சாலையில் இந்த முறை நான் பார்த்த டிப்பர் லாரிகளில் பல திறந்தபடியே ஓடின. அப்படி ஒரு லாரியிலிருந்து தெறித்த கல், அத்தான் ஓட்டிய காரின் முன் கண்ணாடியில் பட்டது. பயணி இருக்கையின் பக்கமாக, மிளகளவு பள்ளம். அதைச் சுற்றி நட்சத்திரம்போல் சில மெல்லிய கீறல்கள்.

நான் வசிக்கும் கனடாவின் கால்கரியில் இது அன்றாடச் சங்கதி. பனிக்காலத்தில் வழுக்காமல் இருப்பதற்காகச் சாலையில் பொடிக்கல் தூவுவார்கள். முன்னே போகும் வண்டியின் சக்கரம் அதை வாரி நம் கண்ணாடியில் அடிக்கும். பனி விலகியதும் கடை வாசல்களிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் சிறு கூடாரம் அடித்து, தெறிப்பை அடைத்துக் கொடுக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடியையே மாற்றும் பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும்.

திருச்சியில் நாங்கள் போன சர்வீஸ் சென்டரில் முதல் பேச்சே அதுதான். ஆலோசகர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "மாற்றிவிடலாம் சார், இன்சூரன்ஸில் போய்விடும்" என்றார். அடைக்க முடியுமா என்று கேட்டதற்கு, அந்த வேலை இங்கே எடுப்பதில்லை என்று பதில் வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை, காபியும் கொடுத்தார்கள். ஆனால் "இன்சூரன்ஸில் போய்விடும்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை யாரும் அத்தானுக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கணக்கு இதுதான். கண்ணாடிக்கான தொகையில் இன்சூரன்ஸ்காரர்கள் தேய்மானம் என்று எதுவும் கழிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு முதல் 1,000 ரூபாயை நாம்தான் கட்டவேண்டும். அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2,000. அதைவிடப் பெரியது, கிளெய்ம் செய்யாதவர்களுக்குக் கிடைக்கும் போனஸ். முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் அந்தத் தள்ளுபடி, தனிப் பாதுகாப்பு எதுவும் எடுத்திருக்காவிட்டால், ஒரே கிளெய்மில் போய்விடும். அத்தான் பல ஆண்டுகளாகச் சேர்த்த தள்ளுபடி ஒரு மிளகளவு பள்ளத்துக்குப் பலியாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையில் பசையிட்டு உட்கார வைத்த கண்ணாடியை அறுத்து எடுத்துவிட்டால், அதே நேர்த்தியில் மறுபடி ஒட்டுவதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும். ஒட்டியதில் குறையிருந்தால் ஐப்பசி மழையில் டாஷ்போர்டுக்குள் தண்ணீர் இறங்கும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது வண்டிகளில் அந்தக் கேமராவையும் மறுபடி சீரமைக்க வேண்டியிருக்கும். நல்ல கண்ணாடியைக் கழற்றாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

தஞ்சாவூர் சாலையில் ஒரு சிறிய கிளாஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரியவர். விரலால் உள்பக்கம் தடவிப் பார்த்தார். உள்ளே வழவழப்பாக இருந்தது. முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்கு. வெளி அடுக்கு மட்டும் அடிபட்டிருந்தால் அடைக்கலாம். "தம்பி, இதற்குப் போய்ப் புதுக் கண்ணாடி எதற்கு? மருந்து என்னிடம் தீர்ந்துவிட்டது. அது கிடைத்து அடைக்கும் வரை மேலே செல்லோடேப் ஒட்டுங்கள், தூசியும் தண்ணீரும் இறங்கக் கூடாது" என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்காமல் அனுப்பினார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அதுதான்.

மருந்து என்று அவர் சொன்னது ரெசின், கீறலை நிரப்பி இறுகும் பிசின் திரவம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் முழுப் பெட்டியாகவே கிடைத்தது. அதை வைத்து வீட்டு நிழலில், வெயில் ஏறும் முன்னரே வேலையைத் தொடங்கினோம். நிழல் கட்டாயம், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் ரெசின் கீறலுக்குள் இறங்குவதற்குள் இறுகிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. உதிரித் துகள்களை ஊசி முனையால் எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பள்ளத்தின் மேல் பெட்டியில் வந்த பிடிமானத்தைப் பொருத்தி, சில சொட்டு ரெசின் விட்டு, அதில் மாட்டும் சிரிஞ்சின் தண்டை இழுத்துப் பூட்ட வேண்டும். கீறலுக்குள் சிக்கிய காற்று குமிழ்களாக மேலே வரும். பெட்டியில் குறித்த நேரம் கழித்துத் தண்டை விடுவித்து, பிறகு அழுத்த வேண்டும். இப்போது ரெசின் கீறலின் நுனி வரை போகும். உள்ளே உட்கார்ந்து பார்த்த அத்தான், கறுப்பாகத் தெரிந்த ஒவ்வொரு கோடும் மறைவதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ரெசினும் கண்ணாடியும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒளியை வளைப்பதால் வரும் மறைவு அது. ஒரு கோடு பிடிவாதமாக நின்றது. இழுத்து அழுத்துவதைத் திரும்பச் செய்ததும் அதுவும் அடங்கியது. அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் இதுதான்.

பிறகு மேலே ஒரு சொட்டு வைத்து, ஒளிபுகும் தாளால் மூடி, வண்டியை வெயிலுக்கு நகர்த்தினோம். கால்கரிக் குளிரில் இதற்கு விளக்குப் பிடிக்கவேண்டியிருக்கும். திருச்சி வெயில் சீக்கிரமே இறுக்கிவிட்டது. எஞ்சிய பிசிறை பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினோம். உற்றுப் பார்த்தால் ஒரு சிறு புள்ளி தெரியும். அது போகாது. கீறல் மேலும் ஓடாமல் நிற்கவேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம். வெயிலில் காய்ந்த வண்டியில் ஏசியை முழு வேகத்தில் வைப்பதும், சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும்தான் கீறலை ஓட வைக்கும்.

எல்லாத் தெறிப்பையும் இப்படி அடைக்கக் கூடாது. ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இருந்தால் மிஞ்சும் புள்ளியே இரவில் எதிர்வெளிச்சத்தைச் சிதறடிக்கும். விளிம்பை ஒட்டியது, நீளமாக ஓடிவிட்டது, உள் அடுக்கையும் தொட்டது, நாள்பட்டு அழுக்கேறியது ஆகியவற்றுக்குப் புதுக் கண்ணாடிதான் வழி.

செய்தி தெருவில் பரவி, அடுத்த வீட்டுக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். விளிம்பிலிருந்து ஒரு சாண் விரிசல். தொடவில்லை, தஞ்சாவூர் சாலைப் பெரியவரிடமே அனுப்பினோம். மாற்றிய பிறகு பசை காயும் வரை ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி வைக்கவும், கதவை ஓங்கிச் சாத்தாமல் இருக்கவும், எப்போது ஓட்டலாம் என்பதைக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளவும் சொல்லியனுப்பினார் அத்தான்.