ஜிடிஎக்ஸ் 1060, ஆர்எக்ஸ் 580: டர்பன் வீட்டுக்கு எந்தப் பழைய கார்டு?

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம், கணினியில் கேம் படங்களை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டைப் புதிதாக வாங்கக் காசு போதாத பிள்ளைகள் பழைய பொருள் விளம்பரங்களைப் புரட்டினால், திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. மற்றது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. "அண்ணா, ரெண்டுல எது ஃபாஸ்ட்?" என்றுதான் கேட்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றுதான் என்று ஒரே வரியில் அதற்குப் பதில் சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கார்டு எவ்வளவு மின்சாரம் கேட்கும், உங்கள் கணினிப் பெட்டியும் வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரும் அதைக் கொடுக்குமா என்பதுதான் அது.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1060 வந்தது 2016 ஜூலையில், 249 டாலருக்கு. 1280 கணக்கிடும் மையங்கள், தரவு போய்வர 192 பிட் அகலப் பாதையோடு 6 ஜிபி நினைவகம், 120 வாட். ஆர்எக்ஸ் 580 வந்தது 2017 ஏப்ரலில். 8 ஜிபி கார்டின் விலை 229 டாலர். 2304 மையங்கள், 256 பிட் பாதை, 185 வாட். ஒரு நிறுவனத்தின் மையத்தை இன்னொன்றின் மையத்தோடு எண்ணிக்கையில் ஒப்பிடக் கூடாது, இரண்டும் கட்டப்பட்ட விதமே வேறு. ஆனால் நினைவகத்தையும் வாட்டையும் நேராக ஒப்பிடலாம். இந்த அலசல் முழுவதும் அந்த இரண்டைச் சுற்றித்தான்.

1080பி திரையில் ஆடும்போது எந்தக் கார்டு முந்துகிறது என்பதைக் கேம் எழுதப்பட்ட விதம்தான் தீர்மானிக்கிறது. கேம் கார்டோடு பேசும் மொழிகள் போன்றவை டைரக்ட்எக்ஸ் 11, டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகியவை. ஜிடிஏ 5 போன்ற டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் 1060 கொஞ்சம் முன்னால் நிற்கும். 2016-இல் வந்த டூம் போல வல்கனில் ஓடும் கேம்களிலும், ஃபோர்சா ஹொரைசன் 4 போன்ற டைரக்ட்எக்ஸ் 12 கேம்களிலும் 580 முந்தும். வெளிவந்த காலத்தில் இரண்டும் மாறி மாறி வென்றன. பிறகு ஏஎம்டியின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மெருகேற, புதிய கேம்களும் டைரக்ட்எக்ஸ் 12 பக்கம் நகர, 580 சில விழுக்காடு முன்னே போய்விட்டது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் அளவு வித்தியாசம் இல்லை. கேம் தயாரிப்பாளர்களே இவற்றை ஒரே தட்டில்தான் வைக்கிறார்கள். சைபர்பங்க் 2077-இன் குறைந்தபட்சத் தேவையை 2023-இல் மாற்றியபோது, 1060 6 ஜிபி அல்லது 580 8 ஜிபி என்றே எழுதினார்கள்.

பழைய ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் ஏஎம்டியின் டிரைவர் ப்ராசஸருக்கு அதிக வேலை வைக்கும். நான்காம் தலைமுறை ஐ5 போன்ற ஒன்றோடு பழைய கேம்களை ஆடினால் 1060 சீராக ஓடுவது தெரியும். டைரக்ட்எக்ஸ் 12 என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ், அங்கே ப்ராசஸரைப் பிழிவது என்விடியாவின் டிரைவர்.

நினைவகத்தில் பேச்சுக்கே இடமில்லை, 580-தான் மேல். 2016-இல் 6 ஜிபி தாராளம். இன்றைய கேம்களில் டெக்ஸ்ச்சரை, அதாவது பொருட்களின் மேற்பரப்புப் படங்களை, 'ஹை'யில் வைத்தால் 6 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் கணினியின் சாதாரண ரேமிலிருந்து இழுக்க வேண்டியிருக்கும். நொடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரிந்தாலும் திரை திடீர் திடீரென்று திக்கும். கூடுதல் 2 ஜிபி கொடுக்கும் நிம்மதி எந்த வரைபடத்திலும் சரியாகத் தெரியாது, ஆடிப் பார்த்தால்தான் தெரியும். டெக்ஸ்ச்சர் தரத்தை உயர்த்த நினைவகம்தான் வேண்டும், கணக்கிடும் வேகம் பெரிதாகத் தேவையில்லை. அதனால் பழைய கார்டிலும் படம் அழகாகத் தெரிய இருக்கிற மலிவான வழி அதுதான். 580-இல் அந்த வழி திறந்திருக்கிறது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். காகிதத்தில் வித்தியாசம் 65 வாட். பல நிறுவனங்கள் வேகத்தைக் கூட்டி விற்ற 580 கார்டுகள் 200 வாட்டையும் தாண்டும். 65 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 95 யூனிட். யூனிட் 3 ராண்ட் என்று வைத்தால் 285 ராண்ட். ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்தும் அம்மாக்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. 580 விலையில் முந்நூறு ராண்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டால், முதல் ஆண்டிலேயே அந்த லாபம் மீட்டருக்குள் போய்விடும்.

பேட்டரிக் கணக்கு இதைவிட முக்கியம். லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு 2023-இல் உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் இறுதியிலிருந்து பெரும்பாலும் நின்றது, 2025-இல் சில நாள் மறுபடி தலைகாட்டியது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நாட்களில் வாங்கிய சின்ன இன்வெர்ட்டரும் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியும் இன்னும் பல வீடுகளில் உண்டு. அதில் இருப்பது 1200 வாட்-மணி. பேட்டரி சீக்கிரம் சாகக் கூடாது என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டரில் இழப்பதையும் கழித்தால் கையில் நிற்பது 500 அளவுதான்.

1060 போட்ட ஒரு சாதாரணக் கணினி, திரை, ரௌட்டர் எல்லாம் சேர்த்து 240 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் ஓடும். அதே கணினியில் 580 போட்டால் 310 வாட், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே அணைந்துவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போகும் ஊரில், ஒரு கார்டு அந்த நேரத்தைத் தாண்டுகிறது, மற்றது தாண்டவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் ஒப்பீடுகளில் இந்த வரியைப் பார்க்கவே முடியாது. நமக்கு இதுதான் தலைப்புச் செய்தி.

580 வைத்திருப்பவர்களுக்கு ஒரு மருந்து உண்டு. ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கலாம். தொழிற்சாலையில் பாதுகாப்புக்காக அதிகமாகவே வைத்திருப்பார்கள். பல கார்டுகளில் வேகம் குறையாமலே 30 வாட் வரை மிச்சமாகிறது. கூடவே ஃப்ரேமை 60-க்குக் கட்டிப்போட்டால், வேலோரன்ட், டோட்டா 2 போன்ற இலகுவான கேம்களில் இரண்டு கார்டுகளுக்கும் உள்ள இடைவெளி இன்னும் சுருங்கும். சூடும் குறையும். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில், ஏசி இல்லாத அறையில் 200 வாட் என்பது ஒரு சின்ன ஹீட்டர். ஜோஹனஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருப்பவர்களுக்குப் புழுக்கம் இல்லை, ஆனால் ஜோஹனஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அங்கே அடர்த்தி குறைவு. அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் குறைவான சூட்டைத்தான் வெளியேற்றும்.

அடுத்தது கணினிப் பெட்டி. நம் பிள்ளைகளில் பலர் ஆரம்பிப்பது அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டிகளில். அவற்றின் பவர் சப்ளை 250, 300 வாட் அளவுதான், பலவற்றில் கார்டுக்கான தனி இணைப்பு வயரே இருக்காது. 1060-க்கு 400 வாட் சப்ளையும் ஒரு ஆறு முனை இணைப்பும் போதும் என்கிறது என்விடியா. 580-க்கு ஏஎம்டி சொல்வது 500 வாட். இணைப்பு பெரும்பாலும் எட்டு முனை. நீளத்திலும் 1060-க்கு ஒரே ஃபேன் வைத்த குட்டிக் கார்டுகள் உண்டு, 580 பெரும்பாலும் நீண்ட இரட்டை ஃபேன் கார்டுதான். அதனால் கார்டு விலையை மட்டும் பார்க்காமல், கூடவே வாங்க வேண்டிய பவர் சப்ளையின் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். பெயர் தெரியாத மலிவு சப்ளையை மட்டும் வாங்காதீர்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது அடிக்கும் அதிர்வை முதலில் வாங்குவது அதுதான். அது போகும்போது தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

டிரைவர் விஷயத்தில் இரண்டுமே ஓய்வுபெற்றவை. 1060-க்குப் புதிய கேம்களுக்கான டிரைவரை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் என்றும் என்விடியா அறிவித்தது. 580-ஐ ஏஎம்டி 2023-இலேயே தனிப் பாதைக்குத் தள்ளிவிட்டது, புதுப்பிப்பு எப்போதாவதுதான். இதோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசஸர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு 580 ஒரு வரம். ஏஎம்டியின் லினக்ஸ் டிரைவர் திறந்த மூலம், அமைப்போடே வருகிறது, உலகெங்கும் பலர் அதைப் பராமரிக்கிறார்கள். 1060-க்கு என்விடியாவின் மூடிய பழைய டிரைவரையே நம்ப வேண்டும். ஒரு எச்சரிக்கை: வேலோரன்ட், ஃபோர்ட்நைட், ஈஏ எஃப்சி ஆகியவை ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்ஸில் ஓடாது. உங்கள் வீட்டில் ஆடுவது ஈஏ எஃப்சி பந்தாட்ட கேம் மட்டும்தான் என்றால் லினக்ஸ் பேச்சை விட்டுவிடுங்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. ஆட்டத்தை நேரலையாக ஒளிபரப்புகிறவர்களுக்கு 1060-இன் வீடியோ பதிவுச் சில்லு தெளிவான படம் தரும். அப்புறம், மலிவுத் திரைகளில் வரும், திரையின் வேகத்தைக் கார்டோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க் வசதி 580-இல் எச்டிஎம்ஐ வழியாகவே வேலை செய்யும். 1060-க்கு டிஸ்ப்ளேபோர்ட் உள்ள திரை வேண்டும். ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்கைக் கட்டாயமாக்கிய இண்டியானா ஜோன்ஸ், டூம் த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் இரண்டிலுமே ஓடாது.

என் தீர்ப்பு 580 பக்கம். நல்ல 500 வாட் சப்ளை ஏற்கெனவே இருக்கிறது, வீட்டில் பேட்டரியை நம்பி ஆடவில்லை என்றால் 8 ஜிபியை விட்டுவிட்டு 6 ஜிபிக்குப் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சப்ளை மாற்ற வேண்டிய அலுவலகப் பெட்டி, சின்ன இன்வெர்ட்டர், பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள், இந்த மூன்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் 1060 எடுங்கள், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் சரி. 3 ஜிபி 1060 மட்டும் வேண்டாம். பெயர் ஒன்றானாலும் அதில் மையங்கள் 1152தான், நினைவகமோ பாதி.

580-லும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. 2048 மையங்கள் கொண்ட ஒரு 580 சீனச் சந்தைக்காக 2018-இல் வந்தது. அது உண்மையில் ஒரு படி கீழான ஆர்எக்ஸ் 570. சீனத் தளங்களில் வியக்கும் விலைக்குக் கிடைப்பவற்றில் பல இந்த வகை; இங்கே வந்து சேரும்போது 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்து மலிவும் போய்விடும். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் பார்த்தால் 2304 இருக்கிறதா 2048 இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 1060 என்று விற்கும் கார்டில் பழைய நீல நிற விஜிஏ துளை இருந்தால் தொடவே வேண்டாம். இந்தத் தலைமுறை என்விடியா சில்லுகளில் அந்த வெளியீடே கிடையாது. வேறு ஏதோ பழைய கார்டுக்கு 1060 என்று பெயர் எழுதியிருப்பார்கள்.

கிராபிக்ஸ் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டி எத்தேரியம் என்ற மின்னணுக் காசு சம்பாதிக்கும் 'சுரங்கம்' 2022 செப்டம்பரில் முடிந்தபோது சந்தைக்குக் கொட்டிய 580 கார்டுகள் ஏராளம். சுரங்கத்தில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பலவற்றில் பயாஸ் (கார்டுக்குள் பதிந்த அடிப்படை மென்பொருள்) மாற்றப்பட்டிருக்கும், ஃபேன் தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். பயாஸைத் திருப்பி எழுதலாம், பசையை மாற்றலாம், ஃபேன் கூடக் கிடைக்கும். திரையில் புள்ளிகளோ கட்டங்களோ தெரிந்தால் அது நினைவகக் கோளாறு, அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. மெரிபேங்க், ப்ளஃப் போலக் கடலோரத்தில் இருந்த கார்டு என்றால் சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளிலும் பின்தகட்டிலும் வெள்ளைப் படிவும் துருவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மின் இணைப்பு முனை பழுப்பேறியிருந்தால் வேண்டாம். பிறகு விற்பவரின் கணினியிலேயே ஃபர்மார்க் போன்ற சோதனையைக் கால் மணி நேரம் ஓட விடச் சொல்லி, சூடு எங்கே போய் நிற்கிறது, ஃபேன் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கவனியுங்கள். போட்டுக் காட்ட மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள். இந்த இரண்டு கார்டுகளும் நம் ஊருக்குப் போதுமான அளவு வந்திருக்கின்றன, அடுத்த வாரமே இன்னொன்று கிடைக்கும்.