தி பிக் இஷ்யூ: லண்டன் தெருவில் விற்கும் இதழ் 4 பவுண்டுக்குத் தகுமா?

லண்டனில் ரயில் நிலைய வாசல்களிலும் கடைத்தெருக்களிலும் சிவப்பு மேலங்கியும் அடையாள அட்டையும் அணிந்து நிற்பவர்களிடம் கிடைக்கும் 'தி பிக் இஷ்யூ' இதழை நான் தொடர்ந்து வாங்கிப் படித்து வருகிறேன். ஜான் பேர்டும் கோர்டன் ராடிக்கும் 1991-இல் தொடங்கிய இந்த இதழை, வீடில்லாதவர்களும் வீட்டை இழக்கும் நிலையில் உள்ளவர்களும் பிரதிக்கு 2 பவுண்டு கொடுத்து வாங்கி, நம்மிடம் 4 பவுண்டுக்கு விற்கிறார்கள். இலாபம் முழுவதும் விற்பவருக்கே. விற்காமல் தேங்கும் பிரதிகளின் நட்டமும் அவருக்கே.

இரக்கத்துக்காக வாங்கி மடித்து வைத்துவிட வேண்டிய இதழ் அன்று இது. புகழ்பெற்றவர்கள் தங்கள் பதினாறு வயதை நோக்கிப் பேசும் பகுதி 2007 முதல் வந்துகொண்டிருக்கிறது. வெற்றியாளர்கள் தங்கள் வீட்டு வறுமையையும் பெற்றோரின் பிரிவையும் மறைக்காமல் சொல்லும் இடம் அது. அதைவிட எனக்குப் பிடித்தவை விற்பனையாளர்களே தங்களைப் பற்றிச் சொல்லும் பக்கங்கள். இசை, திரைப்பட அறிமுகங்கள் மட்டும் மிகச் சுருக்கமாக முடிந்துவிடுகின்றன.

"உழைத்தால் வீடு கிடைக்காதா?" என்று கேட்பவர்களுக்கு இந்த இதழைத்தான் நான் கொடுப்பேன். இங்கிலாந்தின் சட்டமே அந்தக் கேள்வியைத் தன்னுள் வைத்திருக்கிறது: வீடில்லை என்று உதவி கேட்டு வருபவர் வேண்டுமென்றே தம் வீட்டை இழந்தாரா என்று உள்ளாட்சி மன்றம் ஆராயலாம் என 1977-இல் வந்த விதி இன்றும் தொடர்கிறது. ஆனால் அதே நாட்டில், வாடகைதாரர் மீது எந்தத் தவறும் இல்லாதபோதும் வீட்டுக்காரர் அவரை வெளியேற்ற 1988-இன் சட்டம் வழிவிட்டதால், வாடகையை ஒழுங்காகக் கட்டிய குடும்பங்களும் தெருவுக்கு வர நேர்ந்தது. பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்கும்போது இதையும் சேர்த்தே கேட்க வேண்டும். நிறுவனர் பேர்டு ஐந்து வயதில் குடும்பத்தோடு வீடிழந்தவர். சில ஆண்டுகள் அநாதை இல்லத்தில் இருந்து, இளமையில் சிறைக்கும் சென்றவர். 2015-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் உறுப்பினரான அவரும் தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்துபவர்தான்; ஆனால் விற்க ஓர் இதழும் நிற்க ஓர் இடமும் கொடுத்துவிட்டே அதை வலியுறுத்துகிறார் என்பதால் அந்தப் பேச்சை மதிக்கிறேன்.

எனினும் இந்த ஏற்பாட்டின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மழையிலும் குளிரிலும் நின்று ஒரு நாளில் 20 பிரதிகள் விற்பவருக்கு 40 பவுண்டு மிஞ்சும். அதிலிருந்து உணவுக்கும் பேருந்துக்கும் போக, லண்டனில் ஓர் அறைக்கு முன்பணம் சேர்ப்பது எத்தனை கடினம் என்பது இங்கே வாடகை கொடுத்து வாழும் எவருக்கும் தெரியும். அவர்களிடம் உழைப்பு குறைவாக இல்லை. அந்த உழைப்புக்கு எட்டும் வாடகையில் வீடுதான் இல்லை. இதை ஓர் இதழால் தீர்க்க முடியாது, தீர்க்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

2020-இல் பெருந்தொற்றால் தெரு விற்பனை நின்றபோது சந்தா வழியாகவும் அங்காடிகளிலும் இதழ் விற்கப்பட்டது. இருந்தாலும் தெருவில் நிற்பவரிடம் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அட்டையில் பணம் பெறும் கருவி எல்லாரிடமும் இருப்பதில்லை என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு நகராமல் இதழையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அங்கே நிற்பது வியாபாரம் செய்வதற்காக.