ஆறு மாதமா, ஆறு வருடமா? நடுவயது எடையும் நான்கு உணவுமுறைகளும்

நாற்பதைத் தாண்டியவர்கள் எடை கூடினால் முதலில் பழி போடுவது மெட்டபாலிசத்தின் மேல்தான். வயது ஏறிவிட்டது, உடம்பு முன்போல எரிப்பதில்லை என்று நம்புகிறோம். 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அலசியது. உடல் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது. அறுபதுக்குப் பிறகே மெல்ல இறங்குகிறது.

அப்படியானால் எடை எப்படி ஏறுகிறது? அமெரிக்காவில் 1,20,877 பேரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. சராசரியாக நான்கு வருடத்துக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. வருடத்துக்கு நானூறு கிராம்கூட இல்லை. மாதாமாதம் எடை பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பிவிடும். ஆனால் இருபது வருடத்தில் ஏழெட்டுக் கிலோ சேர்ந்துவிடும். உருளைக்கிழங்கு வறுவல், சர்க்கரைப் பானம், இறைச்சி ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு ஏற்றம் அதிகம். முழுதானியம், பழம், கொட்டைப்பருப்புகள், தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டவர்களுக்குக் குறைவு.

இவ்வளவு மெதுவாக ஏறுகிற எடையை இரண்டு மாதப் பத்தியத்தால் கட்டுப்படுத்த முடியாது. அதனால் மாவுச்சத்தைக் குறைப்பது, நேரம் பார்த்துச் சாப்பிடுவது, முழுக்கத் தாவர உணவு, தாவரம் நிறைய மற்றது கொஞ்சம் என்ற நான்கு முறைகளையும் நான் மூன்று கேள்விகளோடு பார்க்கிறேன். வருடக்கணக்கில் தொடர முடியுமா? தசையையும் எலும்பையும் காப்பாற்றுமா? எல்லோரும் இப்படியே சாப்பிட்டால் பூமி தாங்குமா?

கீட்டோ, பேலியோ: மாவுச்சத்தைக் குறைப்பது

முதல் சில வாரங்களில் இதற்கு ஈடு எதுவும் கிடையாது. உடலில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் கரையும்போது அதோடு ஒட்டியிருந்த நீரும் வெளியேறுகிறது; எடைக் கருவியில் எண் சட்டென்று இறங்குகிறது. உற்சாகம் வருவது இயல்பு. ஆனால் இறங்கியதில் ஒரு பங்கு தண்ணீர் என்பதை யாராவது முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீண்ட ஓட்டத்தில் என்ன ஆகிறது? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும், மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் பழக்கினார்கள். 2018இல் வந்த முடிவு: ஓராண்டில் முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாவது குழு 6.0 கிலோவும் இழந்தன. புள்ளியியல்படி இதில் வித்தியாசமே இல்லை. இரண்டு குழுக்களிலுமே மிக அதிகமாக இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

அதற்கும் முன்பு, 2005இல் வந்த ஆய்வு நான்கு பிரபல டயட்டுகளை ஓராண்டு ஒப்பிட்டது. மிகக் கடுமையான இரண்டில், அதாவது மாவுச்சத்தை ஒதுக்கிய ஒன்றிலும் கொழுப்பை ஒதுக்கிய ஒன்றிலும், ஏறக்குறைய பாதிப் பேர் நடுவிலேயே விலகிவிட்டார்கள். மற்ற இரண்டில் மூன்றில் ஒருவர்தான் விலகினார். எடை எவ்வளவு குறைந்தது என்பது எந்த டயட் என்பதைப் பொறுத்து அமையவில்லை. எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

பூமியின் கணக்கில் இந்த முறை, இறைச்சியை நம்பி நடத்தினால், பின்தங்கிவிடும். 2018இல் 119 நாடுகளின் பண்ணைத் தரவுகளைத் தொகுத்த ஆய்வின்படி, 100 கிராம் புரதத்தை மாட்டிறைச்சிக்காகவே வளர்க்கும் மந்தைகளிலிருந்து பெறுவதற்குச் சராசரியாக 50 கிலோ அளவுக்குப் பசுங்குடில் வாயு வெளியாகிறது. அதே புரதத்தைப் பட்டாணியிலிருந்து பெற்றால் அரைக் கிலோகூட ஆகாது.

நேரம் பார்த்துச் சாப்பிடுவது

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் (விட்டுவிட்டுப் பட்டினி இருப்பது) பற்றி இவ்வளவு பேச்சு இருப்பதால் நிறைய எதிர்பார்க்கிறோம். 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்த ஆய்வில் எல்லோருக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. பாதிப் பேர் மட்டும் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் சாப்பிட வேண்டும். ஓராண்டில் நேரக் கட்டுப்பாடு உள்ளவர்கள் 8.0 கிலோவும், மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அந்த இடைவெளியைத் தற்செயல் அல்ல என்று சொல்லப் போதுமான பலம் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி இருக்கும் முறை இன்னும் கடினம்: 2017இல் வந்த ஓர் ஆய்வில் அந்தக் குழுவில் 38 சதவீதம் பேர் விலகினார்கள், தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களில் 29 சதவீதம்.

இது ஒரு வேலி, அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு மேல் கொறிக்கும் பழக்கம் உள்ளவருக்கு உண்மையாகவே உதவும். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

முழுக்கத் தாவர உணவு

எடைக் கணக்கில், பால், முட்டைகூடத் தொடாத வீகன்களை மிஞ்சுவது கடினம். அமெரிக்காவின் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபையினரிடம் நடந்த பெரிய ஆய்வில் இறைச்சி உண்பவர்களின் சராசரி உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண்) 28.8, வீகன்களுடையது 23.6. பூமிக்கும் இதுவே இலகு. பிரிட்டனில் 55,000க்கும் மேற்பட்டவர்களின் உணவை அலசி 2023இல் வந்த ஆய்வு, தினமும் 100 கிராமுக்கு மேல் இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிட்டால் வீகன்களின் உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயு கால் பங்குதான் என்றது.

சரி, அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லக்கூடாது? நடுவயதுதான் காரணம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது, தசை தேய்கிறது, கொழுப்பு வயிற்றுப் பக்கம் குடியேறுகிறது. இதே பிரிட்டனில், ‘எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு’ ஆய்வில், இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு 2.3 மடங்கு இருந்தது. சராசரியாக ஒல்லியாக இருப்பதும், கால்சியமும் புரதமும் குறைவாக எடுப்பதும் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. இதைப் படித்துப் பயந்து ஓட வேண்டாம். வைட்டமின் பி12 மாத்திரையைத் தவறாமல் எடுத்து, பருப்பு வகைகளையும் சோயாவையும் தினமும் சேர்த்து, பளு தூக்கும் பயிற்சியும் செய்பவர் இதில் நன்றாகவே வாழலாம். திட்டமில்லாமல் இறங்கக்கூடிய இடம் மட்டும் இது இல்லை.

இன்னொன்று: ‘தாவரம்’ என்ற சீட்டு ஒட்டிய பாக்கெட் உணவுகள். 2019இல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வேண்டிய மட்டும் கொடுத்தார்கள். பதப்படுத்திய வாரங்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்த ஆய்வு வீகன் உணவைப் பற்றியது இல்லை. ஆனால் பாக்கெட்டிலிருந்து வரும் வீகன் உணவுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தாவரம் நிறைய, மற்றது கொஞ்சம்

காய், பருப்பு, ஆலிவ் எண்ணெய், மீன் ஆகியவற்றை நம்பிய மத்தியதரைக்கடல் உணவுமுறையும், உணவு, சுற்றுச்சூழல் அறிஞர்கள் அடங்கிய ஈட்-லான்செட் ஆணையம் 2019இல் முன்வைத்த புவிநல உணவுமுறையும் இந்த வகை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஆய்வும் இங்கேதான் வருகிறது. இஸ்ரேலின் டிமோனாவில் ஒரே பணியிடத்தைச் சேர்ந்த 322 பேர், சராசரி வயது 52, பெரும்பாலும் ஆண்கள். மூன்று உணவுமுறைகள், இரண்டு வருடங்கள். மதிய உணவு அங்கேயே கிடைத்ததால் ஏய்ப்பதற்கும் இடம் குறைவு. இரண்டு வருட முடிவில் கொழுப்பு குறைந்த உணவு 2.9 கிலோ, மத்தியதரைக்கடல் 4.4, மாவுச்சத்து குறைந்தது 4.7. அங்கேயே கதை முடிந்திருந்தால் கடைசிக் குழுவுக்குத்தான் மாலை.

ஆய்வாளர்கள் மேலும் நான்கு வருடம் கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்தார்கள். அப்போது வழிநடத்த யாரும் இல்லை. அவரவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குழுக்களுக்கும் எடை ஓரளவு திரும்பியிருந்தது. தொடக்கத்திலிருந்து ஆறு வருடக் கணக்கில் மிஞ்சிய குறைவு: கொழுப்பு குறைந்தது 0.6 கிலோ, மாவுச்சத்து குறைந்தது 1.7, மத்தியதரைக்கடல் 3.1. மூன்று கிலோ சிறிய எண்ணாகத் தோன்றும். அதே ஆறு வருடத்தில் சும்மா இருந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புவிநல உணவுமுறைக்கு 2019இல் தந்த அளவுகள் தெளிவானவை: ஒரு நாளைக்குக் காய்கறி 300 கிராம், பழம் 200, முழுதானியம் 232, பருப்பு வகைகள் 75, கொட்டைப்பருப்புகள் 50, பால் பொருட்கள் 250, சிவப்பு இறைச்சி (ஆடு, மாடு, பன்றி) வெறும் 14. எதையும் முற்றாக விலக்கச் சொல்லவில்லை. அதனால்தான் வீட்டில் மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார முடிகிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பல டயட்டுகள் உடைவது இந்த மேசையில்தான்.

ஆனால் நடுவயதினர் ஒன்றைக் கவனித்தே ஆகவேண்டும். இந்த அளவுகள் மொத்தம் 2,500 கலோரிக்குப் போட்ட கணக்கு. 30 வயதில், 70 கிலோ ஆணும் 60 கிலோ பெண்ணும், நன்றாக உடலை அசைத்து வாழ்ந்தால் செலவாகும் ஆற்றல் அது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால் எடை கூடத்தான் செய்யும். கொட்டைப்பருப்பு 50 கிராமிலேயே சுமார் 300 கலோரி. நான் குறைப்பதானால் தானியத்திலும் எண்ணெயிலும் கொட்டையிலும் குறைப்பேன். பருப்பிலும் காயிலும் கைவைக்க மாட்டேன்: பருப்பு தசைக்கு வேண்டியது, காய் வயிற்றை நிரப்புவது.

மூன்று கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்வது இந்த நான்காவது முறை என்பது என் முடிவு. ஏற்கனவே வேறொன்றில் பல வருடமாக நிம்மதியாக இருப்பவர் அதை விட்டுவிட்டு வரத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவர் வாரத்தில் சில வேளை இறைச்சிக்குப் பதில் பருப்பு என்று ஆரம்பித்து, எடையோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை குறித்து வைக்கலாம். தசை கூடி வயிறு குறைந்தால் எடைக் கருவி அதைக் காட்டாது. நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், முதல் இரண்டு முறைகளில் எதையும் மருத்துவரைப் பார்த்து மருந்தளவை மாற்றிக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும்.