ஐப்பசியில் கைவிட்ட லாகர்

சர்வீஸுக்குப் போன நீர்மட்ட லாகர், அதாவது கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு தண்ணீர் மட்டத்தைத் தானாகவே பதியும் கருவி, நேற்று கூரியரில் திரும்பி வந்தது. அன்றைக்கே தஞ்சாவூர்ப் பக்கம் ஏரி வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து போன்: "பத்து வாங்கலாம்னு இருக்கோம், எப்படிங்க இருக்கு?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மீஞ்சூர் பக்கம், ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் ஐந்து விவசாயக் கிணறுகளில் 2020லிருந்து இந்த லாகர்களை இறக்கி வைத்திருக்கிறோம். மோட்டார் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்ட பகுதி இது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளை வழக்கமாக அளப்பது வருடத்துக்கு நான்கு தடவை. நாங்கள் மாதம் ஒரு முறை கிணற்றுக்குள் அளவு டேப் விட்டோம். லாகரில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. முதல் மாத டேட்டாவை லேப்டாப்பில் திறந்தபோது, கோடு தினமும் காலையில் சரிந்து மதியத்துக்கு மேல் மெல்ல ஏறியது. கிணற்றுக்காரர் எட்டிப் பார்த்து, "இது த்ரீ பேஸ் வர்ற நேரம் சார். இந்தச் சரிவு நம்ம மோட்டாரு, அந்தச் சின்னது பக்கத்துத் தோட்டத்து மோட்டாரு" என்று விரல் வைத்துக் காட்டினார். பக்கத்துத் தோட்டத்து இறைப்பு தன் கிணற்றை எவ்வளவு இறக்குகிறது என்பதை அன்றுதான் அவர் கண்ணால் பார்த்தார். இதற்காகவே இந்தக் கருவியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டேப்போடு ஒத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதில்லை.

காற்றழுத்தத்தை மட்டும் பதியும் பாரோ லாகரை மறக்காதீர்கள். எங்கள் லாகரில் பதிவாவது தண்ணீரும் காற்றும் சேர்ந்த மொத்த அழுத்தம். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் கணக்கில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் மாறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து காற்றழுத்தம் சரிந்தபோது அதைக் கழிக்காமல் விட்டிருந்தால் கிணற்றின் ஏற்றம் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். கிட்டக்கிட்ட இருக்கும் கிணறுகளுக்கு ஒரு பாரோ போதும். நாங்கள் முதலில் மோட்டார் ரூம் தகரக் கூரைக்கு அடியில் கட்டி, வெயில் சூட்டில் அளவு கெட்டது. இப்போது கிணற்றுக்குள்ளேயே, தண்ணீர் எட்டாத உயரத்தில் தொங்குகிறது.

என் ஆத்திரம் பேட்டரி மேல். அதை நாம் திறக்க முடியாது. உள்ளே வைத்து சீல் செய்துவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் ஒரு கிணற்றில் இறக்கும்போது சாஃப்ட்வேர் 34 சதவீதம் என்றது. நம்பினேன். ஜனவரியில் தூக்கினால் உயிரே இல்லை. சர்வீஸில் எடுத்துக் கொடுத்த டேட்டாவில் கடைசிப் பதிவு அக்டோபர் 27. வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி பதிவாகாமலே போய்விட்டது. உப்பு ஏறிய அந்தக் கிணற்றில் மழைநீர் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்கத்தான் லாகரையே அங்கே இறக்கியிருந்தோம். சர்வீஸ் சார்ஜ் புதுசின் விலையில் ஏறக்குறைய பாதி. காத்திருந்தது நான்கு மாதம். பத்து ரூபாய் டார்ச் லைட்டில்கூட பேட்டரியை மாற்ற முடிகிறது. இதில் ஏன் முடியாது என்று கேட்டால் தண்ணீர் புகுந்துவிடும் என்கிறார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அந்த மழைக்காலத்துக்கு எங்களிடம் இருப்பது பதினோரு எண்கள். கிணற்றுக்காரரின் மகள் சனிக்கிழமைதோறும், தண்ணீரைத் தொட்டால் பீப் என்று கத்தும் டேப்பை விட்டுப் பார்த்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது. தேதி, நேரம், மீட்டர். ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. மழை நனைத்த இடத்தில் மட்டும் பேனா மை கொஞ்சம் ஊறியிருக்கிறது. இந்த வருட அறிக்கையில் அந்தக் கிணற்றின் வரைபடம் அந்தப் பதினோரு புள்ளிகள்தான்.

இவ்வளவு பாராட்டியும் நண்பரிடம் பத்து வேண்டாம் என்றுதான் சொன்னேன். மூன்று வாங்குங்கள். மீதிப் பணத்தில் கிணற்றுக்கு ஒரு டேப், அளந்து எழுதுகிறவருக்கு மாதச் சம்பளம். லாகர் எதுவானாலும் புரட்டாசியிலேயே மேலே தூக்கிப் பாருங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அந்த மழைக்கு இறக்காதீர்கள். திரும்பி வந்ததை நான் சனிக்கிழமை அதே கிணற்றில் இறக்குகிறேன், அந்தப் பெண் டேப் விடுகிற நேரத்துக்கு.